காற்றில் போன குரல்களும் கல்லூரிப் பிள்ளைகளும்



ஆண்டு மலர் என்றால் பழைய வகுப்பறை, ஹாஸ்டல் சாம்பார், விளையாட்டு விழாக் கோப்பை என்று எழுதுவதுதான் வழக்கம். அதையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுதக் கூடியவர்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். மலர்க்குழுத் தம்பிகள் என்னிடம் கேட்டது வேறு. இப்போது பல கல்லூரிகளில் மாணவர்கள் 'பாட்காஸ்ட்' என்கிற வலையொலி தயாரிக்கிறார்கள். பேராசிரியரையோ, ஊரில் விஷயம் தெரிந்த பெரியவரையோ பேச வைத்துப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். நம்ம பசங்களுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. "சார், இதுக்கெல்லாம் ஏதாவது சரித்திரம் இருக்கா? இல்ல, எல்லாம் செல்போன் வந்தப்புறம் வந்ததா?" என்று கேட்டார்கள்.

இருக்கிறது தம்பி. நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதில் பாதி நம் மாகாணத்தில் நடந்தது. அதில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம்.

1924-ஆம் ஆண்டு சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரின் முயற்சியால் 'சென்னை மாகாண ரேடியோ கிளப்' தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பு ஆரம்பம். கருவியின் சக்தி எவ்வளவு தெரியுமா? 40 வாட். அப்பல்லாம் நம் வீட்டு நடையில் எரிந்த குண்டு பல்பு அளவு! பம்பாயில் கம்பெனி வைத்து ஒலிபரப்பு தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்பே சென்னையில் சில ஆர்வலர்கள் கைக்காசு போட்டு நடத்திய வேலை இது. காசு தீர்ந்தது, 1927-இல் கிளப் நின்றது. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒழுங்காக ஒலிபரப்பு நடத்தியது. மாலையில் சங்கீதம், அதற்கு முன்னால், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும். ஆக, 'கல்விக்காக ஒலிபரப்பு' என்ற யோசனை நமக்கு வெளியூரிலிருந்து வந்த புதுச் சரக்கு அல்ல.

இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் பாவம். மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி, 1935-இல் தம் சொந்த வீட்டிலேயே 30 வாட் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு வானொலி நிலையம் நடத்தினார். அந்த நிலையத்தின் பெயர்தான் 'ஆகாசவாணி'. பிற்பாடு நாடு முழுவதற்கும் அதுவே பெயராயிற்று. கல்லூரி வாத்தியார் ஒருவர் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, ஊருக்கே பேசத் தொடங்குகிற காட்சியை எண்ணிப் பாருங்கள். இன்றைய வலையொலிக்காரர்கள் எல்லோருக்கும் அவர் பெரியப்பா முறை என்பேன்.

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் திருச்சி. அதன் பிறகு வானொலி என்றால் சர்க்கார் என்று ஆகிவிட்டது. ரேடியோ பெட்டி வைத்திருந்தால் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது இந்த மலரைப் படிக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எண்பதுகளின் நடுவில்தான் அதை எடுத்தார்கள். கேட்பதற்கே லைசென்ஸ் என்றால் பேசுவதற்குக் கேட்க வேண்டுமா?

ஆனாலும் அந்தச் சர்க்கார் வானொலியில் அருமையான வேலை நடந்தது என்பதை மறுக்க முடியாது. 'மோகமுள்' எழுதிய தி. ஜானகிராமன் ஆண்டுக்கணக்கில் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, 1950களில் வானொலியில் கல்வி ஒலிபரப்பு அமைப்பாளராகச் சேர்ந்தார். கடைசியில் டில்லியில் அந்தத் துறையின் தலைமைப் பொறுப்பு வரை போனார். நாவல்களுக்காக அவரைக் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் அவர் சம்பளம் வாங்கிச் செய்த வேலை, பள்ளிப் பிள்ளைகளின் காதுக்குப் பாடம் தயாரிப்பது. இன்று 'எஜுகேஷனல் பாட்காஸ்ட் புரொட்யூசர்' என்று கார்டு அடித்துக்கொள்கிறார்களே, அதே வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் 1960களில் ஆடுதுறை-27 என்ற நெல் ரகம் வானொலி மூலமாகவே விவசாயிகளிடம் பரவி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் வாங்கியதும் இந்தக் காலத்தில்தான். காதால் கேட்டதை நம்பி வயலில் விதைத்தார்கள் என்றால், அந்தக் குரலுக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர்க்காரரையும் இங்கே சொல்ல வேண்டும். 1909 செப்டம்பர் 15-இல் காஞ்சியில் பிறந்து, இங்கேயே பச்சையப்பன் பள்ளியில் படித்த அறிஞர் அண்ணா, வானொலியிலும் பேசினார். 'வீட்டிற்கோர் புத்தகசாலை' என்ற அவருடைய பேச்சு பாடப் புத்தகத்தில் வந்தது. நம்மில் பலர் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது காற்றில் பேசப்பட்ட பேச்சு. நம் கைக்கு வந்தது எழுத்தாக. அண்ணாவின் பேச்சில் உயிரே அந்தக் கரகரத்த குரலும் அடுக்கிக்கொண்டே போய் நிறுத்துகிற இடமும்தான். நம் தலைமுறையில் அந்தப் பாடத்தைப் படித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதைக் கண்ணால்தான் 'கேட்டோம்'.

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரடியாகப் போயின. ஒலிநாடா வந்த பிறகும் அது விலை கூடிய சாமான். நிகழ்ச்சி முடிந்ததும் அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவு செய்வது பல நாடுகளில் இருந்த பழக்கம். பி.பி.சி.யே தன்னுடைய பழைய நிகழ்ச்சிகளை இப்படி இழந்துவிட்டுப் பிற்பாடு ஊர் ஊராய்த் தேடியது.

வேண்டும் என்று நினைத்து வைத்தது மட்டும் நின்றது. ஒரு உதாரணம். கிரியர்சன் என்ற அதிகாரி இந்திய மொழிகளைக் கணக்கெடுத்தபோது, அந்தந்த மொழிக்காரர்களைப் பேச வைத்து இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். 1910களிலும் 1920களிலும் நடந்தது. அதில் தமிழும் உண்டு. பேசியவர் யாரும் பெரிய தலைவர் அல்ல. நூறு வருஷம் கழித்து இன்று வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் அவர்களைக் கேட்கலாம். ஆக, பேசியவர் பெருமையை வைத்துக் குரல் நிற்பதில்லை. எடுத்து வைத்தவர் அக்கறையை வைத்து நிற்கிறது.

மாணவர் கைக்கு மைக் வந்த கதை

1984 ஆகஸ்ட் 15-இல் பல்கலைக்கழக மானியக் குழு, தூர்தர்ஷனில் கல்லூரி மாணவர்களுக்கான நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. அதற்குப் படம் எடுத்துக் கொடுக்க நாட்டில் சில பல்கலைக்கழகங்களில் தனி மையங்கள் வைத்தார்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒன்று. அந்த மதிய நேர நிகழ்ச்சிகளை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம் என்பது வேறு விஷயம். (கிரிக்கெட் வராத நாளில் பார்த்தோம்.) ஆனால் கல்லூரி வளாகத்துக்குள் கேமராவும் ஒலிப்பதிவு அறையும் வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

பெரிய கதவு திறந்தது 1995 பிப்ரவரி 9-இல். அதுவும் கிரிக்கெட்டால்தான் திறந்தது! கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், வானலை என்பது பொதுச் சொத்து, அரசு ஒன்றே அதை வைத்துக்கொள்வது சரியல்ல என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தும் ஏழு வருஷம் ஆயிற்று, கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று 2002 டிசம்பரில் கொள்கை முடிவு வருவதற்கு.

அதன்படி இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கிய வளாக வானொலி, சென்னை கிண்டியில் உள்ள 'அண்ணா எஃப்.எம்.' 2004 பிப்ரவரி 1. அலைவரிசை 90.4. அதற்கு முன்னின்று உழைத்தவர் பேராசிரியர் ஆர். ஸ்ரீதர். நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர்கள் யார் என்பதுதான் நமக்கு முக்கியம்: ஊடகவியல் படிக்கும் மாணவர்கள். தலைப்புப் பிடிப்பது, ஆள் பிடிப்பது, எழுதுவது, பதிவு செய்வது, வெட்டுவது எல்லாம் பிள்ளைகள். உடல்நலம், சுற்றுச்சூழல், படிப்பு, வேலை என்று சுற்றுவட்டாரத்து மக்களுக்கு உதவுகிற விஷயங்கள். அக்கம்பக்கத்துப் பெண்களே வந்து பேசுகிற நிகழ்ச்சிகளும் உண்டு. செய்தி மட்டும் கூடாது, அப்போதைய விதி அது.

வியப்பான ஒற்றுமை ஒன்று. அதே 2004 பிப்ரவரியில் லண்டனில் 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி என்பவர், இணையத்தில் புதிதாக வரத் தொடங்கியிருந்த இந்த ஒலி நிகழ்ச்சிகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று போகிற போக்கில் எழுதும்போது 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லைப் போட்டார். ஐபாடையும் பிராட்காஸ்ட்டையும் சேர்த்து முடிந்த முடிச்சு. அடுத்த வருஷமே அமெரிக்காவில் ஒரு பெரிய அகராதி அதை ஆண்டின் சிறந்த சொல்லாக அறிவித்தது. கிண்டியில் நம் பிள்ளைகளுக்கு மைக் கிடைத்த அதே மாதத்தில், அந்த மைக்குக்குக் கோபுரமே தேவையில்லாத ஒரு வழிக்குப் பெயர் கிடைத்தது!

கோபுரம் என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சமுதாய வானொலிக்கு அனுமதித்த சக்தி 100 வாட்; கம்பத்தின் உயரம் 30 மீட்டருக்கு மேல் கூடாது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கேட்கும். அண்ணாவின் பெயரை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் வானொலி, அண்ணா பிறந்த காஞ்சிபுரத்துக்குக் கேட்காது. எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். வலையொலிக்கு இந்தத் தொல்லை இல்லை. பிள்ளையார்பாளையத்தில் பேசினால் பாஸ்டனில் கேட்கும். நம்ம சங்கத்து வெளிநாட்டு உறுப்பினர்கள் அலுவலகம் போகிற ரயிலில் கேட்பார்கள். லைசென்ஸ் வேண்டாம், டில்லிக்கு மனு வேண்டாம்.

சமுதாய வானொலி விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. படித்தபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். புகார் வந்தால் போட்டுக் காட்டுவதற்காக. அதற்கப்புறம்? விதி எதுவும் சொல்லவில்லை. வைத்தால் வைக்கலாம், அழித்தால் கேட்பாரில்லை.

நம்ம ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் உத்திரமேரூரில், ஊர்ச்சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, குடவோலையை எப்படி எடுக்க வேண்டும் என்று பராந்தகச் சோழன் காலத்தில் 919-லும் 921-லும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நூறு வருஷம் கழித்துப் போய்ப் படிக்கலாம். அந்தக் கல்லுக்கு முப்பது கிலோமீட்டருக்குள் வசிக்கிற நாம், போன வருஷம் கல்லூரி விழாவில் சிறப்பு விருந்தினர் என்ன பேசினார் என்று கேட்டால் முழிக்கிறோம்.

தயாரிப்பாளர் என்றால் யார்?

இந்தப் பெயரைக் கேட்டதும் சினிமாத் தயாரிப்பாளர் மாதிரிப் பணம் போடுகிறவர் என்று நினைக்கிறார்கள். மாணவத் தயாரிப்பாளருக்குப் பணமும் கிடையாது, பெரும்பாலும் பெயரும் கிடையாது. நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால் புரியும். காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வதுதான் கோர்வை. நெசவாளி ஒருவர் நெய்ய, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கரைக்கான நாடாவைக் கோத்துக் கொடுக்க வேண்டும். கை தவறினால் உடலும் கரையும் சேராது. சேலையைக் கட்டுகிறவருக்கு அந்த இரண்டாவது ஆள் இருந்தாரா என்றே தெரியாது. முன்பெல்லாம் அந்த இடத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எண்பதுகளில், தொண்ணூறுகளில்கூட அது நடந்தது. இந்த மலரைப் படிக்கிறவர்களில் சிலருடைய கைகளுக்கு அது ஞாபகம் இருக்கும். வலையொலியில் பேசுகிறவர் நெசவாளி. பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை கோக்கிற ஆள் மாணவத் தயாரிப்பாளர்.

அப்படி என்ன வேலை என்று கேட்கலாம். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு முதலில் ஒரு வாரம் படிப்பு. பேசப் போகிறவரை முன்கூட்டியே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். எதைக் கேட்டால் அவர் முகம் மலர்கிறது, எதைக் கேட்டால் "அதெல்லாம் எதுக்குப்பா" என்கிறார் என்று அப்போதுதான் தெரியும். பதிவு அன்று மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். நேராக அல்ல, கொஞ்சம் ஒதுக்கி. இல்லாவிட்டால் 'பட்டு', 'பாவு' என்று சொல்லும்போதெல்லாம் ஊதுகிற சத்தம் இடிக்கும். ஃபேனை நிறுத்த வேண்டும். சித்திரை மாசத்துக் காஞ்சிபுரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு பெரியவரைப் பேச வைப்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். பேச்சு முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல் அரை நிமிஷம் அந்த அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிற்பாடு வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அந்த அமைதியை வைத்தால்தான் ஒட்டு தெரியாது. பதிவைவிட வெட்டுவதற்கு நேரம் பல மடங்கு. அந்தக் காலத்தில் ஒலிநாடாவைப் பிளேடால் அறுத்து ஒட்டினார்கள். இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். அதற்கு உலகம் முழுக்கப் புழங்கும் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளைத் தொடங்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர் என்பது நம் பசங்களுக்குத் தெரிந்தால் நல்லது. 2000-இல் வெளியிட்டார்கள்.

வெட்டுவதில் என் கட்சி ஒன்று உண்டு. கல்லூரி நிகழ்ச்சி என்றால் முதல் ஆறு நிமிஷம் 'மாண்புமிகு', 'மதிப்பிற்குரிய' என்றே போய்விடுகிறது. மேடைக்கு அது வேண்டும், காதுக்கு வேண்டாம். ஆறு நிமிஷத்தையும் வெட்டிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கோபித்துக்கொண்டாலும் வெட்டலாம்.

ஆனால் வெட்டக் கூடாத ஒன்று இருக்கிறது: பேசுகிறவரின் சொல். வானொலிக் காலத்தில் ஒரு பொதுத் தமிழ் இருந்தது. அழகான தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழில் ஒரு நெசவாளியைப் பேசச் சொன்னால் அவர் பாதி விஷயத்தை விழுங்கிவிடுவார். பாவு, ஊடை, விழுது, அச்சு என்பதெல்லாம் அகராதியில் கிடைக்கலாம். முந்தி வேறு நிறமாக வரும்போது பாவு நூலோடு பாவு நூலை இணைக்கிற 'பேட்னி' என்ற சொல்லை எத்தனை அகராதியில் தேடுவீர்கள்? அந்த இணைப்பை விரல் எப்படிச் செய்கிறது என்று சொல்லும்போது அவர் குரல் மெதுவாகும், நடுவில் நிற்கும். அந்த நிறுத்தத்தைத் 'தேவையில்லாத இடைவெளி' என்று கம்ப்யூட்டர் காட்டும். அதை விட்டுவைக்கத் தெரிந்த பிள்ளைதான் தயாரிப்பாளர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற நெசவுக் குடும்பங்களும் இங்கே உண்டு. அவர்கள் தறிக்குழியில் உட்கார்ந்தால் எந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வருகிறது என்பதே தனி ஆராய்ச்சி. 2005-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது, மகிழ்ச்சி. தறியைச் சுற்றியிருக்கிற சொல்லுக்கு யார் பாதுகாப்பு?

இதில் நியாயம் ஒன்றையும் பார்க்க வேண்டும். பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினால் அவருக்கு நஷ்டமில்லை. தறிக்காரருக்குக் கூலி சேலைக் கணக்கு. தறியை நிறுத்திவிட்டு நம் மைக் முன்னால் உட்கார்ந்தால் அந்த நேரம் அவர் கைக்காசு. ஆகையால் போகிற நாளைப் பார்த்துப் போக வேண்டும். அமாவாசை அன்று பல வீடுகளில் தறி ஓடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறிச் சும்மா உட்கார்ந்திருக்கிற நாட்களும் உண்டு. அப்போது போனால் பேச நேரமிருக்கும், மனசு எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துக்கொண்டு போங்கள். பேசியதை எங்கே போடப் போகிறோம், யார் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லி, அவர் சம்மதத்தையும் அதே பதிவில் அவர் குரலிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்த நிகழ்ச்சியை அவர் வீட்டில் உட்கார்ந்து அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வெளியிட வேண்டும். எங்கோ ஹைதராபாத்துக்கு அந்தப் பக்கம் மச்னூர் என்ற ஊரில், விவசாய வேலை செய்யும் தலித் பெண்கள் 2008 அக்டோபர் முதல் தாங்களே 'சங்கம் ரேடியோ' நடத்துகிறார்கள். அவர்களுக்கு நடுவில் ஆள் தேவைப்படவில்லை. நம் பிள்ளைகள் தறிவீட்டுக்குள் மைக்கோடு போகும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பல பிள்ளைகளுக்கு அது சொந்த வீடுதான். அவர்கள் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

வைத்துக்கொள்வது எப்படி?

இணையத்தில் போட்டுவிட்டால் சிரஞ்சீவி என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் கம்பெனி 2007-இல் 'ஐடியூன்ஸ் யு' என்று ஆரம்பித்து, உலகத்துப் பெரிய பல்கலைக்கழகங்களின் விரிவுரைகளையெல்லாம் இலவசமாகக் கொடுத்தது. 2021 முடிவில் கடையைக் கட்டிவிட்டது. அவ்வளவு பெரிய கம்பெனியே பதினைந்து வருஷம் தாங்கவில்லை. நம்ம பிள்ளையின் சொந்த மெயில் கணக்கில் ஏற்றி வைத்த நிகழ்ச்சி, அவன் படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் பாஸ்வேர்டோடு போய்விடும்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. வெட்டாத மூலப் பதிவு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும், சுருக்கிய எம்.பி.3 என்றால் ஒரு எம்.பி. பசங்க சுருக்கியதை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுகிறார்கள். அதுதான் தப்பு. மூலம் நூலகத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று சங்கத்திடம், மூன்றாவது வெளியூரில் ஒரு நண்பரிடம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் யோசனை, பொதுக்குழுவில் வைக்கிறேன். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம், நம்ம பழைய நீளமான லெட்ஜர் போதும்: யார் பேசினார், எந்தத் தேதி, எந்த இடம், என்ன விஷயம், பதிவு செய்த மாணவர் யார், வெட்டிய மாணவர் யார். வானொலியில் நிகழ்ச்சி முடிந்ததும் தயாரித்து அளித்தவர் பெயரைச் சொல்வார்களே, அதே மரியாதை. 'தயாரிப்பு: இரண்டாமாண்டு மாணவர்கள்' என்று மொத்தமாகப் போடாமல் பெயரைப் போட வேண்டும்.

எதை முதலில் பதிவு செய்வது என்று கேட்டால், நான் ஒரு கணக்கைச் சொல்வேன். அத்திவரதர் குளத்திலிருந்து வெளியே வந்தது 1939, 1979, 2019. கடைசித் தடவை ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை ஊர் என்ன பாடுபட்டது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1939-இல் பத்து வயசுப் பிள்ளையாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவருக்கு 2019-இல் தொண்ணூறு வயசு. மூன்று தடவையும் பார்த்த அப்படிப்பட்ட பெரியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அந்த நாட்களில் ஊரில் லட்சக்கணக்கான செல்போன் இருந்தது. எல்லாம் படம் பிடித்தன. '39-இல் எந்த வழியாய் நடந்து வந்தீங்க தாத்தா, அன்னைக்குச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க' என்று உட்கார்ந்து கேட்டவர் எத்தனை பேர்? அடுத்தது 2059. 2019-இல் இருபது வயசு மாணவராக வரிசையில் நின்றவருக்கு அப்போது அறுபது ஆகும். அந்த மாணவர்கள் இப்போது நம் சங்கத்தில் இளைய உறுப்பினர்கள். அவர்களை இப்போதே பேச வைத்துப் பதிவு செய்துவிட்டால் 2059-இல் ஒப்பிட்டுக் கேட்கலாம். 1979-ஐப் பார்த்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு முதல் உரிமை, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பதிவுக்கு ஆளும் பார்த்தாயிற்று. நமக்கு முந்திய செட்டு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அப்பா கோர்வைத் தறி ஓட்டியவர், தானும் பத்து வயசு வரை பக்கத்தில் உட்கார்ந்து நாடா கோத்தவர். வருகிற அமாவாசை அன்று காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். தம்பிகள் இரண்டு பேர் போனால் போதும், கூட்டமாகப் போக வேண்டாம். காபி கொடுப்பார்கள், டம்ளர் சத்தம் அடங்கிய பிறகு மைக்கைப் போடுங்கள். ஃபேன் விஷயத்தை நானே போனில் சொல்லிவிட்டேன், "அரை மணி நேரம்னா தாங்குவேன்" என்றார்.